ஸ்கேட்போர்டு சோறு போடுமா?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

நம்ம நிகழ்ச்சியில வழக்கமா சம்பளம், நோட்டீஸ் பீரியட், ஆஃபர் லெட்டர்னு பேசிட்டு இருப்போம். இன்னைக்கும் வேலையைப் பத்தித்தான் பேசப் போறோம். ஆனா இந்த வேலைக்கு ஆபீஸ் கிடையாது, ஹெச்.ஆர். கிடையாது. ஒரு பலகை, நாலு சக்கரம், அவ்வளவுதான்.

ரெண்டு வாரம் முன்னாடி ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அனுப்பினவர் ராஜபாளையம் பக்கம். இப்பதான் பிளஸ் டூ முடிச்சிருக்கார். பேரைச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், அதனால தம்பின்னே வச்சுக்குவோம். அவர் கேட்டதைச் சுருக்கமா சொல்றேன்: "அண்ணே, ரெண்டரை வருஷமா ஸ்கேட்போர்டு ஓட்டுறேன். அப்பா மில்லுல ஷிப்ட் வேலை பாக்குறாரு. வீட்ல இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் போடுன்னு சொல்றாங்க. எனக்கு புரோ ஸ்கேட்போர்டர் ஆகணும். அதை வச்சுப் பொழைக்க முடியுமா, முடியாதா? அட்வைஸ் வேண்டாம்ணே, அது வீட்லயே நிறைய கிடைக்குது. கணக்கை மட்டும் சொல்லுங்க."

இந்தக் கேள்வி எனக்குப் பிடிச்சதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, கேள்வி சுத்தமா இருக்கு. சோறு கிடைக்குமான்னு நேரா கேக்குறார். இன்னொண்ணு, நானும் அந்தப் பக்கம்தான். வன்னியம்பட்டி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ராஜபாளையம் பஸ்ல போனவங்களுக்கு, வன்னியம்பட்டி விலக்குன்னு கண்டக்டர் குரல் கொடுக்கிற ஸ்டாப்பா தெரிஞ்சிருக்கும். எங்க பக்கம் ஒரு பையன் மில்லுக்குப் போகணும்னாலும், காலேஜுக்குப் போகணும்னாலும், மெட்ராஸ், சிங்கப்பூர்னு கிளம்பணும்னாலும் வழி சொல்ல தெருவுக்கு ஒரு ஆள் இருப்பார். ஸ்கேட்போர்டுக்கு வழி கேட்டா சொல்றதுக்கு ஆள் இல்ல. கணக்கையாவது நாம போட்டுப் பாப்போம்.

முதல்ல தரை

ஸ்கேட்போர்டு சக்கரம் ரொம்பச் சின்னது. விட்டம் 50லிருந்து 55 மில்லிமீட்டர். எலுமிச்சம்பழ அளவுன்னு வச்சுக்கலாம். அதுவும் கெட்டியான பாலியூரிதேன், சைக்கிள் டயர் மாதிரி அமுங்காது. பட்டாணி அளவுக்கு ஒரு ஜல்லி குறுக்க வந்தா சக்கரம் நின்னுரும். ஓட்டுறவர் நிக்க மாட்டார்.

அதனால எங்க ஊர் தார் ரோடு இதுக்கு ஆகாது. வழுவழுன்னு சிமெண்ட் தரை வேணும். எங்க பழகுறீங்கன்னு தம்பிகிட்ட கேட்டேன். நெல்லு காயப் போடுற களத்துலன்னார். அறுப்பு நேரத்துல அதுவும் கிடைக்காது. அப்ப முகூர்த்தம் இல்லாத நாளாப் பாத்து கல்யாண மண்டபத்து பார்க்கிங். வாட்ச்மேன் விரட்டுற வரைக்கும்.

அடுத்தது பலகை. நல்ல பலகைன்னா மேப்பிள் மரத்தை ஏழு அடுக்கா ஒட்டிச் செய்றது. முழு செட் ஏழெட்டாயிரம் ரூபாய்க்குக் குறைஞ்சு நல்லதா கிடைக்கிறது கஷ்டம். தினமும் தாவிப் பழகுறவருக்குப் பலகை சில மாசத்துல முனை தேஞ்சிடும், இல்ல நடுவுல பட்டுனு உடையும். கூடவே ஷூ தேயும், பேரிங் துருப்பிடிக்கும். ஒரு கிரிக்கெட் பேட் வாங்கினா டீமே வருஷக்கணக்குல ஆடலாம். இதுல ஆளுக்கு ஒண்ணு வேணும், அதையும் அடிக்கடி மாத்தணும். இந்தச் செலவு வரவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஓடிட்டு இருக்கும்.

புரோன்னா யாரு?

கிரிக்கெட்ல இது தெளிவா இருக்கும். ரஞ்சி ஆடினா ஆட்டத்துக்கு இவ்வளவுன்னு வாரியம் சம்பளம் கொடுக்கும். ஸ்கேட்போர்டிங்ல அப்படிச் சம்பளம் கொடுக்கிற வாரியம் பெரும்பாலும் கிடையாது. அமெரிக்காவுல உருவான வழக்கப்படி, ஒரு பலகைக் கம்பெனி உங்க பேரைப் போட்டு ஒரு மாடல் வெளியிட்டா நீங்க புரோ. அதுக்கு முன்னாடி பல வருஷம், இலவசமா பலகையும் ஷூவும் வாங்கிக்கிட்டு அவங்களுக்காக வீடியோ எடுத்துக் கொடுக்கிற காலம் ஒண்ணு இருக்கு. அதுல கைக்குக் காசு வராது, சாமான் மட்டும் வரும்.

புரோ ஆன பிறகு, உங்க பேர் போட்ட பலகை ஒண்ணு வித்தா ஒன்றிரண்டு டாலர் ராயல்டி. மாசம் 500 பலகை விக்குதுன்னே வச்சுக்குவோம், 500லிருந்து 1,000 டாலர். கலிபோர்னியாவுல அது வீட்டு வாடகைக்கே காணாது. அதனாலதான் ஷூ கம்பெனி, துணிக் கம்பெனி, கூல்டிரிங்ஸ் கம்பெனின்னு நாலு பக்கம் ஒப்பந்தம் தேவைப்படுது. பெரிய பணம் அங்கதான் இருக்கு. அந்தக் கம்பெனி உங்களுக்கு ஏன் கொடுக்கணும்? உங்களைப் பாத்து ஷூ வாங்குற பசங்க ஆயிரக்கணக்குல இருக்கணும். இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

உலகத்துலயே இந்த வேலையில அதிகம் தெரிஞ்ச பேர் டோனி ஹாக். 14 வயசுல புரோ ஆனவர். இருபது வயசுக்குள்ளயே சொந்த வீடு வாங்கினார். அங்கயே கதையை நிறுத்தினா நம்ம தம்பி இன்னைக்கே பெட்டி கட்டிருவார். ஆனா 90களோட ஆரம்பத்துல அமெரிக்காவுல ஸ்கேட்போர்டிங் மவுசு விழுந்துச்சு. பார்க்குகளை மூடுனாங்க, பலகை விக்கல, ராயல்டி வத்திப் போச்சு. சாப்பாட்டுக்கு நாளைக்கு அஞ்சு டாலர்னு கணக்கு வச்சுச் செலவு பண்ண காலம் அது. விளையாட்டுல அவர் அப்பவும் முதல் வரிசையிலதான் இருந்தார். திறமை குறையல, சந்தை காணாமப் போச்சு.

அவர் மறுபடி எழுந்தது எப்படி? 1992ல கூட்டாளியோட சேந்து பேர்ட்ஹவுஸ்னு சொந்தப் பலகைக் கம்பெனி தொடங்கினார். 1999ல எக்ஸ் கேம்ஸ்ல, காத்துல ரெண்டரை சுத்து சுத்தி இறங்குற '900' வித்தையைச் செஞ்சார். அதே வருஷம் ஆக்டிவிஷன் அவர் பேர்ல வீடியோ கேம் வெளியிட்டுச்சு. மொத்தமா ஒரு தொகை வாங்கிக்கோங்கன்னு சொன்னப்ப, வேண்டாம், விக்கிற கேமுக்கு ராயல்டி கொடுங்கன்னு கேட்டு வாங்கினார். பணக்காரர் ஆனது அந்த முடிவால. அதாவது உலகத்து நம்பர் ஒன் ஸ்கேட்போர்டருக்கே பெரிய பணம் கொடுத்தது பலகை இல்ல, பலகையைச் சுத்தி இருந்த தொழில்.

ஒலிம்பிக்ஸ்ல வந்துருச்சே?

வந்துருச்சு. 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல முதல் தடவையா சேத்தாங்க. தெரு, பார்க்னு ரெண்டு வகை, ஆண் பெண் தனித்தனி. மொத்தம் நாலு போட்டி. 2024 பாரிஸ்ல போட்டிக்கு 22 பேர், ஆக உலகம் முழுக்க 88 பேருக்குத்தான் இடம். ரெண்டு ஒலிம்பிக்ஸ்லயும் இந்தியாவுல இருந்து ஸ்கேட்போர்டிங்குக்கு யாரும் தகுதி பெறல.

வயசையும் பாருங்க. டோக்கியோவுல பெண்கள் தெருப் போட்டியில தங்கம் வாங்குன மொமிஜி நிஷியாவுக்கு 13 வயசு. பாரிஸ்ல பெண்கள் பார்க் போட்டியில தங்கம் வாங்குன அரிசா ட்ரூவுக்கு 14. நம்ம தம்பி இப்பதான் பிளஸ் டூ முடிச்சிருக்கார். இதை அவர் மனசு நோகச் சொல்லல. அந்தப் பிள்ளைங்க ரொம்பச் சின்ன வயசுலயே ஓட்ட ஆரம்பிச்சவங்க. ரெண்டு தடவை தொடர்ந்து தங்கம் வாங்குன யூட்டோ ஹோரிகோமே, ஜப்பான்ல பள்ளிப் படிப்பை முடிச்சிட்டு அமெரிக்காவுக்குப் போய்த்தான் புரோ வாழ்க்கையை அமைச்சுக்கிட்டார். ஜப்பான்காரருக்கே அப்படின்னா வன்னியம்பட்டி களத்துல இருந்து தூரம் எவ்வளவுன்னு பாத்துக்கோங்க.

நம்ம நாட்டுல யாரு சாப்பிடுறாங்க?

இந்தியாவுல இந்த விளையாட்டுக்கு ஒரு பத்துப் பதினஞ்சு வருஷ வரலாறு இருக்கு. பெங்களூருல ஹோலிஸ்டோக்ட்னு ஒரு குழு. ஓட்டுறதுக்கு இடம் இல்ல, அப்ப நாமளே கட்டுவோம்னு கான்கிரீட் கலக்க இறங்கினவங்க. 2013ல லீவைஸ் துணையோட பெங்களூருல ஒரு ஸ்கேட்பார்க் கட்டினாங்க. அப்புறம் நாட்டுல பல ஊர்கள்ல பார்க் கட்டுற வேலையே அவங்களுக்கு அமைஞ்சுச்சு. இதைக் குறிச்சு வச்சுக்கோங்க, ஓட்டுறவங்க கட்டுறவங்களா மாறினாங்க.

மத்தியப் பிரதேசத்துல பன்னா மாவட்டத்துல ஜன்வார்னு ஒரு கிராமம். 2015ல உல்ரிக் ரைன்ஹார்டுங்கிற ஜெர்மன் பெண்மணி அங்க ஒரு ஸ்கேட்பார்க் தொடங்கினாங்க. அங்க ரெண்டு விதி. பள்ளிக்கூடம் போகலைன்னா ஸ்கேட்போர்டு கிடையாது. பொண்ணுங்களுக்கு முதல் இடம். அந்தக் கிராமத்து கோண்டு பழங்குடிப் பொண்ணு ஆஷா கோண்டு, 2018ல சீனாவுல நான்ஜிங் நகரத்துல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல இந்தியாவுக்காகக் கலந்துக்கிட்டாங்க. திரும்பி வந்து அதே ஊர்ப் பிள்ளைங்களுக்காக வேலை செய்றதைத்தான் அவங்க பாதையா ஆக்கிக்கிட்டாங்க.

2022ல குஜராத்ல நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில ஸ்கேட்போர்டிங்கும் இருந்துச்சு. பெண்கள் தெருப் போட்டியில மகாராஷ்டிராவைச் சேந்த ஷ்ரத்தா கெய்க்வாட் தங்கம் வாங்கினாங்க. ஆக நாடு அளவுல போட்டி இருக்கு, சங்கம் இருக்கு, பதக்கம் இருக்கு. இல்லாதது மாசாமாசம் கொடுக்கிற கை.

மாமல்லபுரத்துக் கமலி

நம்ம மாநிலத்துக்கு வருவோம். கமலி மூர்த்தி பேரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீங்க. மாமல்லபுரத்து மீனவர் பகுதியில வளர்ந்த பொண்ணு. சின்னப் பிள்ளையா இருந்தப்ப வெறுங்காலோட, கவுன் போட்டுக்கிட்டு ராம்ப்ல இறங்குற படம் ஒண்ணு இணையம் பூரா சுத்துச்சு. டோனி ஹாக்கே அதைப் பகிர்ந்தார். சாஷா ரெயின்போங்கிற இயக்குநர் அவங்களையும் அவங்க அம்மாவையும் வச்சு 'கமலி'ன்னு ஒரு ஆவணக் குறும்படம் எடுத்தாங்க. 2019ல அட்லாண்டா திரைப்பட விழாவுல அது விருது வாங்குச்சு.

யோசிச்சுப் பாருங்க. ஒரு ஸ்கேட்போர்டருக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் என்ன இருக்கு? உலகத்துலயே பெரிய பேர் பகிர்ந்தாச்சு, படம் வந்தாச்சு, விருது வந்தாச்சு. இப்ப கமலி எதுல பேர் வாங்கிட்டு இருக்காங்க? அலைச்சறுக்குல. இந்தியாவோட முன்னணி அலைச்சறுக்கு வீராங்கனைகள்ல ஒருத்தர்.

அலைச்சறுக்குல அப்படி என்ன இருக்கு? அந்தக் கரையில இருக்கிற பொருளாதாரத்தைப் பாருங்க. கோவளத்துல மூர்த்தி மேகவன்னு ஒரு மீனவர், தானாக் கத்துக்கிட்டு, பிறகு ஊர்ப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்து, அது பயிற்சிப் பள்ளியா வளந்துச்சு. இன்னைக்குக் கோவளம், மாமல்லபுரம் பக்கம் பல பள்ளிகள். சனிக்கிழமை விடிகாலையில கிழக்குக் கடற்கரைச் சாலையில கார் எடுத்துட்டு வர்ற ஐ.டி. கூட்டம் காசு கொடுத்துக் கத்துக்குது. அதுல நானும் ஒருத்தன். பலகை மேல நான் நின்னது மொத்தம் நாலு செகண்ட் இருக்கும், ஆனா கட்டணத்தை முழுசாத்தான் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்தவர் ஒரு மீனவர் வீட்டுப் பையன், இருபத்தி ரெண்டு வயசு இருக்கும். என் சம்பளத்துல ஒரு துண்டு அவர் சம்பளமா மாறுச்சு.

அதுக்கு மேல போட்டிகள். இந்திய அலைச்சறுக்கு சம்மேளனம் வருஷாவருஷம் போட்டித் தொடர் நடத்துது. 2025 ஆகஸ்ட்ல ஆசிய சாம்பியன்ஷிப்பே மாமல்லபுரத்துல நடந்துச்சு. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில தனிநபர் பிரிவுல இந்தியர் வாங்குன முதல் பதக்கம் அது. கத்துக்க வர்ற ஆள், சொல்லிக் கொடுக்கிற பள்ளி, போட்டி, அரசாங்கம், எல்லாம் ஒரே கரையில. கடல் இலவசம். ஸ்கேட்பார்க் மாதிரி கான்கிரீட் ஊத்த வேண்டியதில்ல.

புகழுக்கும் வருமானத்துக்கும் நடுவுல ஒரு பாலம் வேணும். அந்தப் பாலம், பக்கத்துல இருக்கிறவங்க காசு கொடுக்க வர்றதுதான். கமலிக்கு ஸ்கேட்போர்டுல உலகப் புகழ் இருந்துச்சு. பாலம் அலைச்சறுக்குப் பக்கம் இருந்துச்சு.

இன்னொரு சக்கரம்

இன்னொருத்தரையும் சொல்லணும். சென்னையைச் சேந்த ஆனந்த்குமார் வேல்குமார். இவர் ஓட்டுறது ஸ்கேட்போர்டு இல்ல, ஷூவுல சக்கரம் வரிசையா இருக்குமே, அந்த இன்லைன் ஸ்கேட்டிங். வேகப் போட்டி. 2023ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல ஆண்கள் ரிலேவுல வெண்கலம் வாங்குன அணியில இருந்தார். 2025 ஆகஸ்ட்ல செங்டு உலக விளையாட்டுகள்ல 1,000 மீட்டர்ல வெண்கலம். அடுத்த மாசமே சீனாவுல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல 1,000 மீட்டர்லயும் 42 கிலோமீட்டர் மாரத்தான்லயும் தங்கம். வேக ஸ்கேட்டிங்ல உலக சாம்பியன் ஆன முதல் இந்தியர்.

வேடிக்கை என்னன்னா, இன்லைன் வேக ஸ்கேட்டிங் ஒலிம்பிக்ஸ்ல கிடையாது. ஸ்கேட்போர்டிங் இருக்கு. ஆனா நம்ம ஊர்ல உலக சாம்பியன் வந்தது ஒலிம்பிக்ஸ்ல இல்லாத விளையாட்டுல. காரணம் எளிமை. இன்லைன் ஸ்கேட்டிங்குக்கு சென்னையில பல வருஷமா ரிங்க் இருக்கு, பயிற்சி வகுப்பு இருக்கு, பள்ளிப் பிள்ளைங்களுக்கான மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டின்னு படிக்கட்டு இருக்கு. ஸ்டாப்வாட்ச் யாருன்னு பாக்காது. ஓட்டின நேரம் பேப்பர்ல இருக்கும்.

பதக்கம் வந்தா அரசாங்கத்துக் கதவும் திறக்கும். ஆசியப் போட்டிப் பதக்கத்துக்குத் தமிழ்நாடு அரசு லட்சக்கணக்குல ஊக்கத்தொகை கொடுக்குது. அரசு வேலைகள்ல விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. நம்ம நாட்டுல கிரிக்கெட் இல்லாத விளையாட்டுக்காரர் நிறையப் பேருக்கு 'புரோ'ங்கிறதுக்கு உண்மையான அர்த்தம் இதுதான். ரயில்வே, போலீஸ், வருமான வரி, வங்கி. காலையில பயிற்சி, பகல்ல கையெழுத்து. ஸ்கேட்போர்டிங் இப்பதான் அந்த வரிசையோட கடைசியில வந்து நிக்குது.

கணக்கு

சரி, தம்பி கேட்ட கணக்கு. இந்தியாவுல ஸ்கேட்போர்டை வச்சு யாருக்குக் காசு வருது? சொல்லிக் கொடுக்கிறவர், பார்க் கட்டுறவர், சாமான் விக்கிறவர், விளம்பரத்துக்கும் சினிமாவுக்கும் வித்தை காட்டுறவர், அதைப் படம் பிடிக்கிறவர். ஓட்டுறதுக்கு மட்டும்னு மாசச் சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்துறவங்களை எண்ண ரெண்டு கை விரல் தாராளம்.

இதுல நடக்கக்கூடியது பயிற்சி. பெங்களூரு மாதிரி ஊர்ல 15 பிள்ளைங்க சேருறாங்கன்னு வச்சுக்குவோம். ஆளுக்கு மாசம் 2,000 ரூபாய். 30,000 வருது. இடத்துக்கு 8,000, பிள்ளைங்களுக்கான பலகை, ஹெல்மெட் தேய்மானம் 4,000. மிச்சம் 18,000. இது என் உத்தேசக் கணக்கு, உங்க ஊர் நிலவரத்துக்கு நீங்க எண்ணை மாத்திப் போட்டுப் பாருங்க. மழை மாசத்துல பிள்ளைங்க வராது. பரீட்சை மாசத்துல வரவே வராது. உங்க கணுக்கால் பிசகினா அந்த மாசம் பூஜ்யம்.

பக்கத்துல ஐ.டி. வேலையை வைப்போம். பல வருஷமா நகராம நிக்கிற மூணரை லட்சம் பேக்கேஜ். கைக்கு மாசம் 25,000 சொச்சம். முதல் வருஷத்துல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல பாருங்க! இதைத்தான் வீட்ல இருக்கிறவங்க கவனிக்கிறதில்ல. வித்தியாசம் அஞ்சாவது வருஷத்துல தெரியும். ஐ.டி.காரர் கம்பெனி மாறி ரெண்டு மடங்கு வாங்குவார். பயிற்சியாளர் ரெண்டு மடங்கு வாங்கணும்னா ரெண்டு மடங்கு பிள்ளைங்க, இல்ல ரெண்டாவது இடம், இல்ல சம்பளத்துக்கு ஒரு ஆள் வேணும். அதாவது அவர் முதலாளி ஆகணும். அது வேற வித்தை. ஆலி அடிக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

இதையே வன்னியம்பட்டியில போடுவோம். மாசம் 2,000 கொடுத்து ஸ்கேட்போர்டு கத்துக்க வர்ற பிள்ளைங்க எங்க ஊர்ல எத்தனை? டியூஷனுக்கு வரும், இந்தி கிளாஸுக்கு வரும், கராத்தேக்கு வரும். இதுக்கு வராது, இன்னைக்கு வராது. களத்துக்கு வாடகை கேக்காம விட்டாக்கூட கணக்கு நிக்காது.

பதில்

ஆக தம்பி, நீங்க கேட்ட மாதிரியே சொல்றேன். பேர் போட்ட பலகையோட, ஓட்டுறதுக்கு மட்டும் காசு வாங்குற புரோவா? முடியாது. ஸ்கேட்போர்டைச் சுத்தின ஒரு வேலையில வாழ்க்கை நடத்த முடியுமா? முடியும். ஆனா ஊர்ல இருந்துக்கிட்டு முடியாது, வெறும் பலகையை மட்டும் வச்சுக்கிட்டும் முடியாது.

கணக்கு மட்டும் கேட்டீங்க, ஆனா அந்தக் கணக்கே ஒரு வழியைக் காட்டுது. அதையும் சொல்லிடுறேன்.

கவுன்சிலிங்கையும் ஸ்கேட்போர்டையும் எதிரெதிரா வச்சுப் பாக்குறீங்க. ஒண்ணா வச்சுப் பாருங்க. நாலு வருஷப் படிப்புங்கிறது, உங்க வீட்டுச் சம்மதத்தோட இன்னொரு ஊர்ல நாலு வருஷம் இருக்கக் கிடைக்கிற அனுமதி. அதை எந்த ஊர்ல செலவு பண்றீங்கங்கிறதுதான் கேள்வி. கட் ஆஃபுக்கு ரெண்டு மூணு காலேஜ் கிடைக்குதுன்னா, ராங்க் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும், சென்னைப் பக்கம், அந்தக் கடற்கரைக்கு எட்டுற தூரத்துல இருக்கிறதைப் பாருங்க. தனியா களத்துல ரெண்டரை வருஷம் ஓட்டினதைவிட, உங்களைவிட நல்லா ஓட்டுற பத்துப் பேர் கூட ஆறு மாசம் ஓட்டினா அதிகம் வரும்.

எந்தப் பாடம்? ஸ்கேட்பார்க்குன்னா என்ன? கான்கிரீட். வளைவு ஒரே சீரா வரணும், தண்ணி தேங்கக் கூடாது, விரிசல் விடக் கூடாது, மேல்தரை கண்ணாடி மாதிரி இருக்கணும். இது சிவில் இன்ஜினியரிங். ஓட்டத் தெரிஞ்ச சிவில் இன்ஜினியர் நம்ம நாட்டுல எத்தனை பேர் இருப்பாங்க? எந்த நகராட்சியாவது நாளைக்கு ஒரு பார்க் கட்டணும்னா, ஓட்டத் தெரியாத கான்ட்ராக்டர் கட்டினது ஒரு வாரத்துல வெறும் சறுக்கு மரம் ஆயிரும். நம்ம ஊர்ல எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டு நிக்கிறப்ப, சிவில் சீட் கிடைக்கிறது கொஞ்சம் எளிது. வீடியோவுல ஆர்வம்னா அது இன்னொரு வழி. எதா இருந்தாலும் பலகைக்குப் பக்கத்துல இன்னொரு கைவேலை இருக்கணும்.

விளையாட்டு ஒதுக்கீடு கவுன்சிலிங்லயும் உண்டு. ஸ்கேட்டிங்ல மாநில அளவுச் சான்றிதழ் ஏதாவது இருந்தா, இந்த வருஷ விண்ணப்பக் கையேட்டுல அது செல்லுமான்னு கடைசித் தேதிக்கு முன்னாடி பாருங்க. இருந்தும் விட்டுடாதீங்க.

தேதி ஒண்ணு குறிச்சுக்கோங்க. மூணாவது வருஷம் முடியும்போது தேசிய அளவுப் போட்டிக்குள்ள நுழைஞ்சிருக்கணும், இல்லைன்னா ஒரு ஆளாவது உங்ககிட்ட காசு கொடுத்துக் கத்துக்கிட்டிருக்கணும். ரெண்டுல ஒண்ணு நடந்தா மேல போங்க. ரெண்டும் நடக்கலைன்னா ஓட்டுறதை விட வேண்டாம், அதை வச்சுச் சோறு சாப்பிடலாங்கிற திட்டத்தை மட்டும் விடுங்க. இந்த பாட்காஸ்ட்டே என் சம்பளத்துலதான் ஓடுது. மைக்கும் நான்தான், எடிட்டிங்கும் நான்தான், பில் கட்டுறதும் நான்தான். இது எனக்குச் சோறு போடல. ஆனா ஒவ்வொரு வாரமும் பண்றேன். சோறு போடாததால ஒரு விஷயம் சின்னது ஆயிடாது.

கடைசியா, தம்பியோட அப்பா கேட்டார்னா அவருக்கு. ஐயா, உங்க பையன் கூடப் பழக ஆள் இல்லாம, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாம, காலங்காத்தால எந்திரிச்சு சிமெண்ட் தரையில விழுந்து எந்திரிச்சுப் பழகியிருக்கார். செலவு கணக்குப் போட்டா ஒரு பைக்குக்கு ஆகுற பெட்ரோலைவிடக் குறைச்சல். சோறு போடாதுன்னு சொல்லுங்க, அது நியாயம். வெட்டி வேலைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஒரு நல்ல ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் வாங்கிக் கொடுங்க. அது போதும்.

தம்பி, கவுன்சிலிங்ல எந்த ஊர் வந்துச்சுன்னு ஒரு வாய்ஸ் நோட் போடுங்க. மத்தவங்க, உங்க ஊர்ல ஸ்கேட்போர்டு ஓட்ட நல்ல தரை எங்க இருக்குன்னு தெரிஞ்சா எழுதுங்க. அடுத்த எபிசோடுல அதை வாசிக்கிறேன். அடுத்த வாரம், பி.எஃப். பணத்தை வேலை மாறுறப்ப எடுக்கலாமா, கூடாதா. பாப்போம்.